4,123 ரூபாய் சொல்லும் கணக்கு: புயல் நிவாரணத்தில் எது விட்டுப்போனது?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையோரம். 2024 ஃபெஞ்சல் புயலில் எங்கள் சம்பா நெல் ஐந்து நாள் தண்ணீருக்குள் கிடந்தது. சொந்த நிலம் 1 ஏக்கர் 20 சென்ட், போர் பாசனம். பட்டா எனக்கும் அண்ணனுக்கும் கூட்டாக இருக்கிறது. அண்ணன் சென்னையில் இருக்கிறார், பயிர் வைப்பது நான்தான். அது போக 2 ஏக்கர் வாய்மொழிக் குத்தகை. நிவாரணம் என்று 4,123 ரூபாய்தான் வந்தது. குத்தகை நிலத்துக்கு ஒன்றுமில்லை. சொந்த நிலத்தில் 40 சென்ட் அளவுக்கு ஆற்று மணல் மேடிட்டு இன்னும் அப்படியே கிடக்கிறது. ஒரு கறவை மாடும் 4 ஆடும் செத்தன. நாற்றம் தாங்காமல் மறுநாளே புதைத்துவிட்டோம். சொந்த நிலத்துக்குப் பயிர்க் காப்பீடும் கட்டியிருந்தேன். தண்ணீர் நின்ற அன்றே தகவல் சொல்லியும், "தனி வயலுக்குத் தர வழியில்லை" என்கிறார்கள். எதை யாரிடம் கேட்பது?

பதில்: வணக்கம். உங்கள் கடிதத்தில் ஐந்து தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. ஐந்தையும் ஒரே மனுவில் எழுதியிருந்தால், இதுவரை பதில் வராததற்கு அதுவே ஒரு காரணமாக இருக்கலாம். பயிர்ச் சேதம் வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து பார்ப்பது. மாடு கால்நடை பராமரிப்புத் துறைக்குப் போவது. காப்பீடு வேறு வழி. கலந்து எழுதிய மனு ஏதாவது ஒரு துறைக்குப் போகும், அவர்கள் தங்கள் பகுதிக்கு மட்டும் பதில் எழுதி முடித்துவிடுவார்கள். இனி ஒவ்வொன்றுக்கும் தனி மனு எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்புகை வாங்குங்கள்.

முதலில் அந்த 4,123 ரூபாய். உங்கள் கிராமப் பட்டியலில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதை ஏறக்குறைய அந்தத் தொகையே காட்டிக்கொடுக்கிறது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு 2022-23 முதல் 2025-26 வரை வகுக்கப்பட்ட விதிப்படி, 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமான பயிருக்கு ஹெக்டேருக்கு இறவையானால் (பாசனம் உள்ள பயிர்) 17,000 ரூபாய், மானாவாரியானால் (மழையை நம்பிய பயிர்) 8,500, பல்லாண்டுப் பயிரானால் 22,500. ஃபெஞ்சலுக்குத் தமிழக அரசு அறிவித்ததும் இதே தொகைகள்தான். ஒரு ஹெக்டேர் 100 ஏர். ஆக இறவைக்கு ஏருக்கு 170 ரூபாய், மானாவாரிக்கு 85. உங்கள் 1 ஏக்கர் 20 சென்ட் பட்டாவில் 0.48.50 என்று, அதாவது 48.5 ஏர் என்று இருக்கும்.

4,123-ஐ 170-ஆல் வகுத்தால் 24.25 ஏர் வருகிறது. உங்கள் நிலத்தில் சரிபாதி. அப்படியானால் கூட்டுப் பட்டாவில் உங்கள் பங்கை மட்டும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆனால் அதே 4,123-ஐ 85-ஆல் வகுத்தால் 48.5 ஏர் வருகிறது. அப்படியானால் முழு நிலத்தையும் உங்கள் பெயரில் ஏற்றிவிட்டு, இறவைப் பயிரை மானாவாரி என்று எழுதிவிட்டார்கள் என்று பொருள். இரண்டில் எது நடந்திருந்தாலும் உங்களுக்கு விட்டுப்போனது இன்னொரு 4,123 ரூபாய்தான். ஆனால் திருத்தம் கேட்கும் வழி முற்றிலும் வேறு. அதனால் பட்டியலைப் பார்க்காமல் மனு எழுதாதீர்கள்.

பட்டியல் என்று சொல்வது கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் சேர்ந்து எடுத்த கூட்டுக் கணக்கெடுப்பை. சர்வே எண், உட்பிரிவு, சாகுபடி செய்பவர் பெயர், பயிர், பரப்பு, சேத விழுக்காடு, வங்கி விவரம் என்று வரிசையாக இருக்கும். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் நேரில் கேளுங்கள். பெரும்பாலும் வாய்மொழியாகவே சொல்லிவிடுவார். மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். "எனக்கு ஏன் குறைவாகத் தந்தீர்கள்?" என்று எழுதக் கூடாது. அந்தச் சட்டத்தில் ஆவணம் கேட்கலாம், விளக்கம் கேட்க முடியாது. "ஏன்" என்ற கேள்வியை அப்படியே ஒதுக்கிவிடுவார்கள். இப்படி எழுதுங்கள்:

"இன்ன கிராமம், சர்வே எண் இன்னதற்கு எதிரே ஃபெஞ்சல் புயல் பயிர்ச் சேதக் கணக்கெடுப்புப் பட்டியலில் பதிவான சாகுபடியாளர் பெயர், பயிர், இறவை அல்லது மானாவாரி, பரப்பு, சேத விழுக்காடு ஆகியவை உள்ள பக்கத்தின் நகல் வேண்டும். மேற்படி சர்வே எண்ணுக்குத் தொகை அனுப்பிய நாள், தொகை, திரும்பி வந்திருந்தால் வங்கி குறிப்பிட்ட காரணம் ஆகியவை உள்ள பதிவின் நகல் வேண்டும். பசலி 1434-க்கான அடங்கலில் இதே சர்வே எண்ணுக்குரிய பக்கத்தின் நகல் வேண்டும்."

பசலி 1434 என்பது 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையிலான வருவாய்த் துறை ஆண்டு. அடங்கல் என்பது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்தார் என்று எழுதும் கிராமக் கணக்கு. குத்தகை நிலத்தின் சர்வே எண்களையும் இந்த மனுவிலேயே சேர்த்துவிடுங்கள். அது வேறொருவர் விவரம் என்று மறுத்தால், மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவு சொல்வதைச் சுட்டிக்காட்டி மேல்முறையீடு செய்யலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மறுத்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

பட்டியலில் 24.25 ஏர் என்று இருந்தால், மறுபாதி எங்கே போனது என்று பாருங்கள். அண்ணன் பெயரில் ஏற்றியிருந்தால் பணம் அவர் கணக்குக்கே போயிருக்கலாம். அவருக்குத் தெரியாமல் பழைய வங்கிக் கணக்கில் கிடப்பதும் உண்டு. ஆதார் வழி அனுப்பும் பணம், அந்த ஆதாருடன் எந்த வங்கி கடைசியாக இணைக்கப்பட்டதோ அங்கேதான் போய் விழும். நாம் எழுதிக் கொடுத்த கணக்கு எண் அப்போது கணக்கில் வராது. என் ஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். கணக்கு முடங்கியிருந்தால் பணம் திரும்பிப் போயிருக்கும். அதை மீட்பதுதான் இருப்பதிலேயே எளிது: புதிய கணக்குப் புத்தக நகலைக் கொடுத்து மறுபடி அனுப்பச் சொல்லலாம், யாரும் புதிதாக ஒப்புதல் தர வேண்டியதில்லை. அண்ணன் ஊரில் இல்லை என்று அவர் பாதியை விட்டேவிட்டார்கள் என்றால், பட்டா எண், சர்வே எண், "பசலி 1434 சம்பாவில் முழுப் பரப்பிலும் பயிர் வைத்தவர் என் தம்பிதான், நிவாரணத்தை அவருக்கே வழங்க எனக்குச் சம்மதம்" என்ற வாசகம், கையெழுத்து, அவருடைய ஆதார் நகல் ஆகியவற்றோடு சம்மதக் கடிதம் வாங்கி மனுவுடன் இணையுங்கள்.

மானாவாரி என்று எழுதியிருந்தால், அடங்கலில் பாசன ஆதாரம் எழுதும் கட்டத்தைப் பாருங்கள். அங்கேயே பிழை இருந்தால் முதலில் அதைத்தான் திருத்த வேண்டும். விவசாய மின் இணைப்பு அட்டையின் நகலும், போர் இருக்கும் இடம் வயலோடு சேர்ந்து தெரியும் படமும் போதும். வட்டாட்சியருக்குத் திருத்த மனு கொடுத்து, நகலை வேளாண்மை உதவி இயக்குநருக்கும் கொடுங்கள்.

அடுத்து குத்தகை. இதில் உங்களுக்கு நம்பிக்கை ஊட்டும்படி எழுத எனக்கு ஆசைதான், ஆனால் நிலைமை அப்படி இல்லை. நிவாரண விதியின் நோக்கம் பயிர் வைத்தவருக்கு இடுபொருள் செலவில் உதவுவது. நிலம் வைத்திருப்பவருக்கான தொகை அல்ல அது. ஆனால் நடைமுறையில் யார் பயிர் வைத்தார் என்பதற்கு அடங்கல் ஒன்றுதான் சான்று. வாய்மொழிக் குத்தகையில் அடங்கலில் நிலத்துக்காரர் பெயர்தான் ஏறும். 1955-ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் இருப்பதால், உங்கள் பெயரை ஒருமுறை ஏற்றிவிட்டால் நிலமே கையைவிட்டுப் போய்விடுமோ என்று நிலத்துக்காரர்கள் பயப்படுகிறார்கள். பட்டியலில் நிலத்துக்காரர் பெயர் இருந்து பணமும் போய்விட்டது என்றால், அதே சர்வே எண்ணுக்கு அரசு இரண்டாவது முறை தராது. அவரிடம் நேரில் பேசிக் கேட்பதுதான் வழி. முழு 2 ஏக்கரும் ஏறியிருந்தால் ஏறத்தாழ 81 ஏர், 13,770 ரூபாய். தொகையைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. ஒன்றுமே போகவில்லை என்றால், பெரும்பாலும் முந்தைய ஆண்டு அடங்கலைப் பார்த்து எழுதும்போது அந்த நிலம் தரிசு என்று பதிவாகியிருக்கும். அப்போது நிலத்துக்காரரின் சம்மதக் கடிதத்தோடு இருவரும் சேர்ந்தே மனு கொடுக்கலாம். விதை, உரம் வாங்கிய ரசீது, நடவு நேரத்துப் படம், பக்கத்து வயல்காரர் இருவர் கையெழுத்து ஆகியவற்றை இணையுங்கள்.

ஒருவர் பெயரில் எத்தனை நிலம் இருந்தாலும் 2 ஹெக்டேருக்கு மேல் தொகை கிடையாது. உங்கள் சொந்த நிலமும் குத்தகையும் சேர்ந்து சுமார் 130 ஏர்தான், அதனால் உங்களுக்கு இது தடையில்லை. ஆனால் பெரிய நிலத்துக்காரர் பெயரில் உங்கள் 2 ஏக்கரும் சேர்ந்திருந்தால், அவருடைய உச்சவரம்பைத் தாண்டி அந்தப் பரப்புக்கு யாருக்குமே பணம் வராமல் போயிருக்க வாய்ப்புண்டு. இதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவருக்கும் கிடைக்காத பணத்துக்குச் சம்மதக் கடிதம் தர மனம் வரக்கூடும்.

தொகையில் மிகப் பெரியது மாடும் ஆடும்தான். கடிதத்தில் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆடு ஒன்றுக்கு 4,000. மொத்தம் 53,500. பயிருக்கு விட்டுப்போனதைப் போல 13 மடங்கு. இதற்குத் தேவை கால்நடை உதவி மருத்துவரின் சான்று, அவர் பார்ப்பதற்கு முன்பே நீங்கள் புதைத்துவிட்டீர்கள். அந்த வெள்ளத்தில் வேறென்ன செய்திருக்க முடியும் என்பது எனக்குப் புரிகிறது. மறுப்பு வரும் என்று தெரிந்தே, மறைமுகச் சான்றுகளைச் சேர்த்து மனு கொடுங்கள். மாட்டின் காதுவில்லையில் 12 இலக்க எண் இருந்திருக்கும். கோமாரித் தடுப்பூசி போட்டபோது மருந்தகத்தில் அது உங்கள் பெயரோடு பதிவாகியிருக்கும். பால் சங்கத்துக்குப் பால் ஊற்றியிருந்தால், புயல் நாளோடு பால் வரவு நின்றதைக் காட்டும் பதிவேட்டு நகலைக் கேட்டு வாங்குங்கள். இவை எல்லாவற்றையும்விட வலுவானது, வெள்ள நாட்களில் கிராமத்திலிருந்து வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தினமும் அனுப்பப்பட்ட சேத அறிக்கை. அதில் உங்கள் பெயரோடு மாடு ஒன்று என்று எழுதியிருந்தால் உங்கள் மனுவுக்கு உயிர் இருக்கிறது. தகவல் உரிமை மனுவில் அதன் நகலையும் கேளுங்கள்.

இனி இப்படி நேர்ந்தால், புதைக்கும் முன் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு அழைத்துத் தகவல் பதிவு செய்யுங்கள். மருத்துவர் வர முடியாத வெள்ளமாக இருந்தால் காதுவில்லை எண் தெளிவாகத் தெரியும் படம் ஒன்று, முழு உடல் படம் இரண்டு, கிராம நிர்வாக அலுவலரோ ஊராட்சித் தலைவரோ அருகில் நிற்கும் படம் ஒன்று எடுத்துவிட்டுப் புதையுங்கள்.

மணல் மேட்டுக்குத் தனி உதவி இருப்பது பலருக்குத் தெரியாது. விளைநிலத்தில் 3 அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்திருந்தால், அதை அகற்றச் சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். உங்கள் 40 சென்ட் 16.2 ஏர், அதற்கு 2,916 ரூபாய் வரும். பொக்லைன் வாடகைக்கு இது காணாது என்பது உண்மைதான். வேளாண் பொறியியல் துறையின் இயந்திரங்களை அரசு வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள், தனியாரை விடக் குறைவாக இருக்கும். மணல் இன்னும் கிடக்கிறது என்பதால் ஐந்து பிரச்சினைகளில் இது ஒன்றுக்குத்தான் நேரடிச் சான்று இப்போதும் உங்கள் கையில் இருக்கிறது. அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மேடிட்ட பகுதியில் ஐந்து இடத்தில் பழைய மண் தெரியும் வரை குழி தோண்டி, ஒவ்வொரு குழியிலும் அளவுநாடாவை நிறுத்திப் படம் எடுங்கள். புலப்பட (சர்வே எண்ணின் அளவு வரைபட) நகலில் அந்த ஐந்து இடத்தையும் புள்ளி வைத்துக் குறியுங்கள். அதிகாரிகள் வந்து பார்க்கும் முன் வெட்டியே ஆக வேண்டும் என்றால், வயலின் இரண்டு மூலையில் கட்டில் அளவுக்கு ஒரு திட்டைத் தொடாமல் விட்டு வையுங்கள். இன்னொன்று: அகற்றிய மணலை உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் வண்டியில் ஏற்றி வெளியே அனுப்பாதீர்கள். உங்கள் சொந்த வயலில் கிடந்ததே என்று சொன்னாலும் கேட்க மாட்டார்கள், வண்டியைப் பிடித்துவிடுவார்கள். வரப்போரம் ஒதுக்குங்கள், இல்லையேல் முதலில் அனுமதி வாங்குங்கள்.

காப்பீட்டில் அவர்கள் உங்களுக்குச் சொன்ன பதில், கேட்கக் கசப்பாக இருந்தாலும், அந்தப் பருவ விதிப்படி சரியானதுதான். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் 72 மணி நேரத்துக்குள் தகவல் தந்து தனி வயலுக்கு இழப்பீடு பெறுவது ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற சிலவற்றுக்குத்தான். வயலில் தண்ணீர் தேங்குவதும் அந்தப் பட்டியலில் உண்டு, ஆனால் நெல்லுக்கு மட்டும் 2018-இல் அதை நீக்கிவிட்டார்கள். ஆகவே உங்கள் நெல்லுக்கு இழப்பீடு கிராமத்தின் சராசரி மகசூலை வைத்துத்தான். அறுவடை நேரத்தில் கிராமத்தில் குலுக்கலில் தேர்ந்த வயல்களில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அறுத்து எடை போடுவார்கள். அந்த 25 சதுர மீட்டரில் 6 கிலோ வந்தால் ஹெக்டேருக்கு 2,400 கிலோ. உங்கள் கிராமத்துக்கு வரையறுத்த உத்தரவாத மகசூல் 4,000 கிலோ என்று வைத்துக்கொண்டால், குறைவு 40 விழுக்காடு. காப்பீட்டுத் தொகையில் 40 விழுக்காடு எல்லோருக்கும் வரும். ஆற்றோர வயல்கள் முழுக அழிந்து, மேட்டு வயல்கள் நன்றாக விளைந்திருந்தால், சராசரி உயர்ந்துவிடும், உங்களுக்கு எதுவும் வராது. ஆற்றோர விவசாயிக்கு இது அநியாயம் என்பதே என் கருத்தும். நெல் வயலில் தண்ணீர் தேங்குவதை 2026 காரீப் பருவம் முதல் மறுபடியும் தனி வயல் இழப்பீட்டில் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்திருக்கிறது. இனி பிரிமியம் கட்டும் முன், உங்கள் மாவட்டத்துக்கான அறிவிக்கையில் அது சேர்ந்திருக்கிறதா என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்ந்திருந்தால் 72 மணி நேரக் கெடு உங்களுக்கும் பொருந்தும், பயிர்க் காப்பீட்டு உதவி எண் 14447-க்கு அழைத்துப் பதிவு எண் வாங்கி வைக்க வேண்டும். 2024 பருவத்துக்கு உங்கள் கிராமத்தின் பயிர் அறுவடைப் பரிசோதனை முடிவு என்ன, உத்தரவாத மகசூல் என்ன என்ற இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள். அவை இரண்டும் தெரிந்தால் உங்களுக்கு உரியது வந்ததா இல்லையா என்று நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். அரசு நிவாரணம் வாங்கியதற்காகக் காப்பீட்டை மறுக்க முடியாது. இரண்டும் வேறு வேறு.

கணக்கெடுப்பில் 33 விழுக்காட்டுக் கோடு எப்படித் தவறுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்கள் வயலுக்கு வரும்போது தண்ணீர் வடிந்து ஒரு வாரமோ பத்து நாளோ ஆகியிருக்கும். அதற்குள் செத்த குத்துகளுக்கு நடுவே புதுத் தூர் வெடித்து, வரப்பிலிருந்து பார்த்தால் வயல் பச்சையாகத் தெரியும். "பயிர் தேறிவிட்டது" என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஆனால் பருவம் தப்பி வெடித்த தூர் உருப்படியான கதிர் பிடிக்காது. அவர்களை வரப்பில் நிற்கவிடாமல் வயலுக்குள் இறக்குங்கள். ஐந்து இடத்தில் பத்துப் பத்துக் குத்தைப் பிடுங்கிக் காட்டுங்கள். அடித்தண்டு பழுப்பாகி, விரலால் நசுக்கினால் கொழகொழவென்று போய், அழுகல் வாடை அடிக்கும். 50 குத்தில் 17 அப்படி இருந்தால் கோட்டைத் தாண்டிவிட்டது. தண்ணீர் நின்ற ஒவ்வொரு நாளும் ஒரே இடத்திலிருந்து, மின்கம்பமோ மோட்டார் கொட்டகையோ தெரியும்படி, தேதியும் இடமும் பதியும் கைபேசிச் செயலியில் படம் எடுத்து வைத்திருந்தால் பேச்சு அங்கேயே முடியும்.

இந்த விதித்தொகைகள் குறைந்தபட்ச அளவு போன்றவை, மாநில அரசு விரும்பினால் கூட்டித் தரலாம். 2023 பிப்ரவரியில் பருவம் தவறிய மழையில் டெல்டா சம்பா சாய்ந்தபோது ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தார்கள். எனவே அடுத்த முறை தொகை வரும்போது 170-ஆல் வகுக்கும் முன், அந்தப் பேரிடருக்கென வந்த அரசாணையில் என்ன தொகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மனுக்கள் வட்டாட்சியரிடம் 30 நாளுக்கு மேல் அசையாமல் கிடந்தால், மாதந்தோறும் ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். திங்கட்கிழமை பொதுக் குறைதீர்ப்பை விட அது மேல். வேளாண்மை, வருவாய், கால்நடை அலுவலர்கள் எல்லோரும் ஒரே அறையில் இருப்பார்கள், ஒருவர் மற்றவரைக் கை காட்ட முடியாது. முதல்வர் உதவி மைய எண் 1100-இலும் பதியலாம், ஆனால் பழைய ஒப்புகை எண்ணைச் சொல்லிப் பதியுங்கள். இல்லாவிட்டால் புது மனுவாகி அடியிலிருந்து தொடங்கும்.

அடுத்த சம்பா நடவு முடிந்த ஒரு மாதத்துக்குள், சொந்த நிலத்துக்கும் குத்தகை நிலத்துக்கும் கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்தும் முத்திரையும் இட்ட அடங்கல் நகலை வாங்கி வையுங்கள். பயிர் நெல், பாசனம் இறவை, பரப்பு முழுப் பரப்பு என்ற மூன்றையும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். குத்தகை நிலத்தில் உங்கள் பெயரை ஏற்ற நிலத்துக்காரர் சம்மதிக்காவிட்டால், அந்த ஒரு பருவத்துக்கு மட்டும், நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் மட்டும் என்று வாசகம் போட்ட சம்மதக் கடிதமாவது வாங்குங்கள். அதுவும் முடியாது என்றால், அவர் பெயரிலேயாவது அந்த 2 ஏக்கரில் நெல் நிற்கிறது என்று அடங்கலில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள். தரிசு என்று எழுதிய நிலத்துக்குப் புயலுக்குப் பிறகு எந்த மனுவாலும் பணம் வாங்கித் தருவது மிகக் கடினம்.